சரிங்க என்ற சொல்லுக்குப் பிறகு

(முதுநிலை சுகாதார மாணவர்களுக்கு நலவாழ்வு வழித்துணைக் கலையைக் கற்பிப்பது குறித்த அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



இந்த அறக்கட்டளைக்கு வித்திட்டவர் ஒரு செவிலியர். தம் ஓய்வூதியப் பணத்திலிருந்து எடுத்து வைத்த தொகை இது என்று குடும்பத்தார் சொன்னார்கள். வார்டில் காலம் முழுவதும் நின்றே வேலை பார்த்த ஒருவர் பெயரால் நடக்கும் கூட்டத்தில், பேச்சை மாத்திரையிலிருந்தோ கருவியிலிருந்தோ தொடங்க எனக்கு மனம் வரவில்லை. ஒரு சொல்லிலிருந்து தொடங்குகிறேன். அந்தச் சொல் "சரிங்க".

ஓ.பி.யில் உட்கார்ந்த யாருக்கும் இந்தச் சொல் பழக்கம். உப்பைக் குறைக்கணும். சரிங்க. தினமும் அரை மணி நேரம் நடக்கணும். சரிங்க. மாத்திரையை விடாமல் போடணும். சரிங்க டாக்டர். மூன்று மாதம் கழித்து அதே நோட்டு வரும், அதே சர்க்கரை அளவு வரும், அதே சரிங்கவும் வரும். பல ஆண்டுகள் அதை நான் சம்மதம் என்றே எடுத்துக்கொண்டேன். உண்மையில் அந்தச் சொல்லுக்குள் வேறு வேறு பேச்சுகள் இருக்கின்றன. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, முடித்துக்கொள்ளுங்கள் என்று ஒன்று. படித்தவர்களை எதிர்த்துப் பேச எனக்கு வாய் வராது என்று ஒன்று. நீங்கள் சொல்வது என் வீட்டில் நடக்காது, ஆனால் அதை உங்களிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று இன்னொன்று.

எங்கள் அப்பா பதினோரு ஆண்டுகள் என்னிடம் "சரிம்மா" என்று சொன்னார். அவருக்கு நான் மகள், டாக்டர் இரண்டுமாக இருந்தேன். சர்க்கரை நோயைப் பற்றி எனக்குத் தெரிந்ததை எல்லாம் அவருக்குச் சொன்னேன். கால்விரல்கள் இரண்டை எடுத்த பிறகு, ஒரு நாள் இரவு கட்டிலில் படுத்தபடியே சொன்னார்: "நீ சொன்னது புரியாம இல்லம்மா. நீ ஒரு தடவகூட என்னயக் கேக்கலியே." அவரிடம் நான் என்ன கேட்டிருக்க வேண்டும் என்பது அன்றைக்கு எனக்கு விளங்கவில்லை. பிறகு விளங்கியது. அந்தக் கேட்டலை மருத்துவம், செவிலியம், உணவியல், பிசியோதெரபி முதுநிலை மாணவர்களுக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்பதுதான் இன்றைய பேச்சு.

முதலில் பெயரைப் பற்றி. உலகம் இதை வெல்னஸ் கோச்சிங் என்கிறது. கோச் என்றதும் நமக்கு மைதானமும் விசிலும் நினைவுக்கு வரும். "பயிற்சியாளர்" என்று மொழிபெயர்த்தாலும் அந்த விசில் சத்தம் போகாது. எங்கள் வகுப்பு மாணவி ஒருத்தி "வழித்துணை" என்று எழுதினாள். நடக்கிற கால் அவர்களுடையது, போகிற ஊரும் அவர்கள் தீர்மானித்தது, கூடப் போவது மட்டும் நாம். அந்தச் சொல்லையே நானும் வைத்துக்கொண்டேன். இன்று நம் ஊர்களில் பவுடர் டப்பா விற்கிறவர்களும் தங்களை வெல்னஸ் கோச் என்றே சொல்லிக்கொள்கிறார்கள். வீட்டு மாடியில் எடை பார்க்கும் இயந்திரத்தை வைத்துக்கொண்டு மாத்திரையை நிறுத்தச் சொல்கிறவர்களையும் பார்த்திருக்கிறேன். நோயின் போக்கும் மருந்தின் வேலையும் அறிந்தவர்கள் இந்த இடத்தைக் காலியாக விட்டால் அது இப்படித்தான் நிரம்பும். அமெரிக்காவில் இதற்கென ஒரு தேசிய வாரியம் அமைத்து, மருத்துவர்களுக்குத் தேர்வு நடத்தும் அமைப்புடன் சேர்ந்து, 2017-இல் முதல் சான்றிதழ்த் தேர்வை நடத்தினார்கள். அந்தத் தேர்வை எழுத, உண்மையான மனிதர்களுடன் 50 அமர்வுகள் நடத்திய பதிவு வேண்டும். புத்தகம் படித்தது மட்டும் செல்லாது.

இது எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒரே ஒரு நோயைக் காட்டுகிறேன். 2023-இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். - இந்தியாப் (INDIAB) ஆய்வு, நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாகக் கணக்கிட்டது. அதன் வாசற்படியில் நிற்பவர்கள் அதைவிட அதிகம். அந்த வாசற்படியில் நிற்பவர்களைத் தடுத்து நிறுத்த முடியுமா என்று பார்த்த பெரிய ஆய்வு அமெரிக்காவில் 2002-இல் முடிவை வெளியிட்டது. அதில் 3,234 பேர் சேர்ந்திருந்தார்கள். மெட்ஃபார்மின் மாத்திரை நோய் வருவதை 31% குறைத்தது. உணவும் உடலுழைப்பும் 58% குறைத்தன. இந்த எண்களை எல்லாப் பாடநூலும் சொல்லும். அந்த 58-க்குப் பின்னால் இருந்த ஏற்பாட்டைப் பாடநூல்கள் அவ்வளவாகச் சொல்வதில்லை. ஒவ்வொருவருக்கும் தனியாக ஒரு "லைஃப்ஸ்டைல் கோச்" இருந்தார். முதல் 24 வாரங்களுக்குள் 16 பாடங்கள் நேருக்கு நேர் உட்கார்ந்து நடந்தன. சென்னையில் மருத்துவர் அ. இராமச்சந்திரன் குழுவினர் 531 பேரிடம் செய்து 2006-இல் வெளியிட்ட ஆய்வில், வாழ்க்கைமுறை மாற்றம் மட்டுமே 28.5% குறைத்தது, மாத்திரையும் ஏறக்குறைய அதே அளவுதான் குறைத்தது. ஆக, நம் மண்ணிலும் பேச்சு மருந்துக்கு ஈடாக வேலை செய்திருக்கிறது. மருந்தை அளந்து கொடுக்கச் சொல்லித் தருகிறோம். பேச்சை அளக்க யார் சொல்லித் தந்தார்கள்?

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் "மக்களைத் தேடி மருத்துவம்" என்ற அரசுத் திட்டம் தொடங்கியது. அதற்குப் பிறகு, பிரஷருக்கும் சுகருக்கும் மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. மாத்திரைக்காக ஒரு நாள் கூலியை இழந்து வரிசையில் நின்றவர்களுக்கு இது எத்தனை பெரிய ஆறுதல் என்பதை நான் கண்ணால் பார்த்தவள். வாசலுக்கு வந்த மாத்திரை வாய்க்குள் போவதற்கு இன்னும் ஒரு முழம் தூரம் இருக்கிறது. அந்த ஒரு முழத்தில்தான் நம் மாணவர்களுக்கு வேலை.

அந்த வேலையைச் செய்ய உலகம் கண்டெடுத்த வழிகளில் நான் மிகவும் நம்புவது மோட்டிவேஷனல் இன்டர்வியூயிங். இதைத் தமிழில் "ஊக்க நேர்காணல்" என்று எழுதுகிறார்கள். வேலைக்கு ஆள் எடுப்பது போல ஒலிப்பதால் நான் எம்.ஐ. என்றே சொல்கிறேன். இது பிறந்த விதத்தை ஆசிரியர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். நியூ மெக்சிகோ பல்கலைக்கழகத்து உளவியலாளர் வில்லியம் மில்லர் 1982-இல் நார்வே நாட்டின் பெர்கன் நகரத்தை ஒட்டிய ஒரு மருத்துவமனைக்கு, குடிநோயாளிகளுக்குச் சிகிச்சை தருவது பற்றிப் பேசப் போனார். அங்கிருந்த இளம் உளவியலாளர்கள் பாடம் கேட்டதோடு விடவில்லை. நாங்கள் நோயாளியாக நடிக்கிறோம், நீங்கள் செய்து காட்டுங்கள் என்றார்கள். நடுநடுவே நிறுத்தவும் செய்தார்கள். இந்த இடத்தில் ஏன் இந்தக் கேள்வி? அவர் சொன்ன இரண்டு விஷயத்தில் இதை மட்டும் ஏன் திருப்பிச் சொன்னீர்கள்? பதில் சொல்லச் சொல்ல, தான் அறியாமலேயே சில விதிகளைப் பின்பற்றி வந்தது மில்லருக்கே தெரிந்தது. அதை 1983-இல் கட்டுரையாக எழுதினார். 1991-இல் ஸ்டீபன் ரோல்னிக்குடன் சேர்ந்து நூலாக்கினார். மாணவர்கள் குறுக்கிட்டுக் கேட்டதால் உருவான கலை இது. குறுக்கிட இடம் தராத வகுப்பில் இதைக் கற்பிக்க முடியாது.

அதன் அடிப்படை எளிது. மாறவேண்டும் என்பதற்கான காரணமும், மாற முடியாது என்பதற்கான காரணமும் ஒரே மனிதருக்குள் சேர்ந்தே இருக்கும். நாம் மாற்றத்தின் பக்கம் நின்று வாதாடினால், அவர் மறுபக்கத்தைக் காக்க வேண்டியவர் ஆகிவிடுகிறார். "பீடிய விடுங்க" என்றால் "எங்க தாத்தா தொண்ணூறு வயசு வரைக்கும் குடிச்சாரு" என்று வரும். தம் வாயால் சொல்லிக்கொள்ளும் காரணம்தான் மனிதரை நகர்த்துகிறது. அந்தக் காரணம் அவர் வாயிலிருந்து வரும்படி கேட்பதும், வந்ததைத் தவறவிடாமல் பிடித்துத் திருப்பித் தருவதும் நம் வேலை. திருவள்ளுவர் "மருந்து" அதிகாரத்தின் கடைசிக் குறளில் மருத்துவத்தை நான்கு பகுதியாகப் பிரிக்கும்போது நோயுற்றவரைத்தான் முதலில் வைக்கிறார். மருத்துவர் அதற்கு அடுத்து. அந்த வரிசையை நான் வகுப்பில் அடிக்கடி நினைவூட்டுவேன்.

எளிதாகத் தோன்றுகிற இது, முதுநிலை மாணவர்களுக்குத்தான் மிகக் கடினம். காரணம், அவர்களுக்கு நிறையத் தெரியும். தவறாக ஒன்றைக் கேட்ட உடனே திருத்தக் கை துடிக்கும். அந்தத் துடிப்பு அன்பிலிருந்து வருவதுதான். அதனால்தான் அதை அடக்குவது பெரும்பாடு. ஹோவர்ட் பெக்மன், ரிச்சர்ட் ஃபிராங்கெல் என்ற இருவர் 1984-இல் வெளியிட்ட ஆய்வில் 74 மருத்துவச் சந்திப்புகளை ஒலிப்பதிவு செய்து கேட்டார்கள். நோயாளி பேசத் தொடங்கி சராசரியாக 18 விநாடிகளில் மருத்துவர் குறுக்கிட்டார். தாம் சொல்ல வந்ததை முழுதாகச் சொல்லி முடித்தவர்கள் 23% மட்டுமே. இதை மாணவர்களிடம் சொன்னால் அதிர்ச்சியோடு கேட்டுக்கொள்வார்கள். பிறகு அவர்களுடைய பதிவையே போட்டுக் காட்டுவேன். அறையே அடங்கிவிடும்.

இரண்டு நாள் பயிலரங்கு நடத்திச் சான்றிதழ் கொடுத்துவிட்டால் போதும் என்று நினைக்கும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. மில்லரே தம் பயிலரங்கைச் சோதித்துப் பார்த்து 2001-இல் முடிவை வெளியிட்டார். வந்தவர்கள் தாங்கள் நன்கு கற்றுக்கொண்டதாக நம்பினார்கள். அவர்கள் பேச்சில் சிறிது மாற்றமும் இருந்தது. ஆனால் எதிரே உட்கார்ந்தவரின் பேச்சில் மாற்றம் இல்லை. 2004-இல் வெளியான இன்னோர் ஆய்வில் 140 சிகிச்சையாளர்களைப் பிரித்துப் பார்த்தபோது, பயிலரங்கு மட்டும் பெற்றவர்களின் திறன் சில மாதங்களில் தேய்ந்தது. பதிவைக் கேட்டுப் பின்னூட்டமும் தனிப் பயிற்சியும் தரப்பட்டவர்களிடம் அது நிலைத்தது. பாட்டு வாத்தியார் இல்லாமல் கமகம் வருமா? சிஷ்யன் பாட வேண்டும், குரு கேட்க வேண்டும், பிசகிய இடத்தில் நிறுத்த வேண்டும். நாம் தையல் போடவும் நரம்பில் ஊசி ஏற்றவும் பக்கத்தில் நின்றுதான் சொல்லிக்கொடுக்கிறோம். பேச்சை மட்டும் ஏன் கரும்பலகையில் எழுதிப்போட்டுவிட்டுப் போகிறோம்?

எங்கள் வகுப்பு நடக்கும் விதத்தைச் சொல்கிறேன். நான்கு நான்கு மாணவர்களாகப் பிரிப்போம். வாரத்துக்கு ஒருவர், நோயாளியின் ஒப்புதலோடு, ஒரு பேச்சை முழுவதும் பதிவு செய்து கொண்டுவர வேண்டும். மேசையில் இரண்டு எவர்சில்வர் டம்ளர் இருக்கும். பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் புளியங்கொட்டை, இன்னொன்றில் சோழி. பதிவு ஓடும்போது, மாணவர் ஒரு கேள்வி கேட்டால் ஒரு புளியங்கொட்டை. நோயாளி சொன்னதன் பொருளை வாங்கித் திருப்பிச் சொன்னால் ஒரு சோழி. டங் டங் என்று கொட்டை விழும் சத்தம்தான் முதல் மாதம் முழுக்கக் கேட்கும். எம்.ஐ. திறனை அளக்கும் முறையில், ஒரு கேள்விக்கு ஒரு திருப்பிச் சொல்லல் என்பது சுமார். ஒரு கேள்விக்கு இரண்டு என்பது நன்று. முதல் பதிவுகளில் இருபது கொட்டைக்கு ஒரு சோழி விழுந்தால் பெரிது. விரிவுரையில் இந்த விகிதத்தை எத்தனை முறை சொன்னாலும் மனதில் ஏறாது. தன் டம்ளரைத் தானே தூக்கிப் பார்த்த மாணவர் மறப்பதில்லை.

சோழி விழ என்ன செய்ய வேண்டும் என்ற இடத்தில்தான் தமிழ் குறுக்கே வந்தது. அந்தத் தமிழே வழியையும் காட்டியது. இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். ஆங்கிலக் கையேடுகள், திருப்பிச் சொல்லும்போது வாக்கியத்தின் முடிவில் குரலை இறக்குங்கள் என்கின்றன. தமிழில் குரலை இறக்கினாலும் பயனில்லை. நம் கேள்வி குரலில் இல்லை, கடைசி எழுத்தில் இருக்கிறது. "கஷ்டமா இருக்கா?" என்று கேட்டால் "ஆமாங்க" என்று வரும், பேச்சு முடிந்தது. அந்த "ஆ"வை எடுத்துவிடுங்கள். "கஷ்டமா இருக்கு." அவ்வளவுதான். இப்போது எதிரே இருப்பவருக்குச் சொல்வதற்கு இடம் கிடைக்கிறது. "ஆமா தம்பி, அதுலயும் இந்த ஆடி மாசத்துல..." என்று பேச்சு தானாக நீளும். "ஆ-வை எடு" என்பது எங்கள் வகுப்பில் பழமொழியாகவே ஆகிவிட்டது. இன்னொரு கருவியும் நம்மிடம் உண்டு. "சோறு இல்லாம சாப்பிட்ட மாதிரியே இல்லேங்கறீங்க." அந்த "ங்கறீங்க" எத்தனை பணிவான உறுப்பு! சொன்னது நீங்கள், நான் கேட்டுக்கொண்டவன், தவறாகக் கேட்டிருந்தால் திருத்துங்கள் என்ற மூன்றையும் அது ஒன்றாகச் சொல்லிவிடுகிறது.

"ஏன்" என்ற சொல்லை முதல் ஆறு வாரம் தடை செய்திருக்கிறேன். ஓ.பி.யில் "ஏன்" என்றால் அது கேள்வியாகக் காதில் விழாது, விசாரணையாகத்தான் விழும். "ஏன் லேட்டு?", "ஏன் மாத்திரை போடல?" என்று பள்ளிக்கூடத்திலிருந்தே நம்மை நிறுத்திவைத்த சொல் அது. "என்ன ஆச்சு?" என்று கேட்டால் கதை வரும். "ணும்" என்று முடியும் வாக்கியங்களையும் எண்ணச் சொல்வேன். அதற்கு டம்ளர் போதாது.

அறிவுரையே கூடாதா என்று உணவியல் மாணவர்கள் கேட்பார்கள். கூடும். கேட்டு, கொடுத்து, மறுபடி கேட்க வேண்டும். "மாம்பழம் பத்தி நீங்க என்ன கேள்விப்பட்டிருக்கீங்க?" என்று முதலில். "நான் ஒண்ணு சொல்லட்டுங்களா?" என்று அனுமதி. பிறகு ஒரே ஒரு செய்தி. அதன்பின் "இது உங்க வீட்டுக்கு எப்படிப் படுது?" அனுமதி கேட்பது வெறும் உபசாரம் என்று நினைத்த மாணவர்கள்கூட, நோயாளி நிமிர்ந்து உட்காருவதைப் பார்த்த பிறகு அதை விட்டதில்லை.

மாற்றம் எவ்வளவு முக்கியமாகப் படுகிறது என்று அறிய, பத்துக்கு எத்தனை என்று கேட்கும் முறை ஒன்று உண்டு. எழுபது வயதுப் பெரியவர் ஒருவரிடம் மாணவி இதைக் கேட்டாள். அவருக்குப் பிடிபடவில்லை. "ஒரு ரூபாய்க்கு எவ்வளவு தாத்தா?" என்று மாற்றிக் கேட்டாள். "எட்டணா" என்றார். "நாலணா இல்ல, எட்டணாங்கறீங்க" என்றாள். உடனே அவர் பேத்தி கல்யாணம், கண் மங்கல், புகைத்தால் நெஞ்சு பிடிப்பது என்று அந்த எட்டணாவுக்குக் கணக்குச் சொல்லத் தொடங்கினார். ஏன் ஒரு ரூபாய் இல்லை என்று கேட்டிருந்தால் மாற முடியாததற்கான காரணங்களைச் சொல்லியிருப்பார். கேள்வி கீழ்நோக்கி ஒப்பிட வேண்டும் என்ற நுட்பம் புத்தகத்தில் இருக்கிறது. அணாக் கணக்கு அந்த மாணவியின் சொந்தச் சொத்து.

தேர்வைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1963-இல் ஹோவர்ட் பாரோஸ் என்ற நரம்பியல் மருத்துவர், நோயாளியாக நடிக்கப் பழக்கிய ஒருவரை அமர்த்தி மாணவர்களைச் சோதிக்கும் முறையைத் தொடங்கினார். 1975-இல் மருத்துவக் கல்வியாளர் ரொனால்ட் ஹார்டன் தேர்வுக்கூடத்தை, மாணவர் ஒவ்வொன்றாகக் கடந்து செல்லும் சிறு சிறு நிலையங்களாக்கினார். இந்திய எம்.பி.பி.எஸ். பாடத்திட்டத்திலும் 2019 முதல் மனப்பாங்கு, அறநெறி, தகவல்தொடர்பு என்ற பகுதி கட்டாயமாகியிருக்கிறது. எல்லாம் நல்லவை. ஆனால் ஐந்து நிமிட நிலையத்தில், "வணக்கம் சொன்னாரா, பெயர் கேட்டாரா" என்று டிக் அடிக்கும் தாளில் வழித்துணை அகப்படாது. நாங்கள் பக்கத்துத் தெரு மகளிர் குழுப் பெண்களை நோயாளியாக நடிக்க அழைக்கிறோம். முடிந்ததும் அவர்களே மதிப்பிடுவார்கள். எல்லாவற்றுக்கும் டிக் வாங்கிய ஒரு மாணவரைப் பற்றி ஓர் அம்மா, "நல்லாத்தான் பேசுச்சு. ஆனா நான் அழுவப்போறேன்னு தெரிஞ்சதும் பேனாவப் பாக்க ஆரம்பிச்சிருச்சு" என்றார். எந்தத் தாளிலும் அதற்குக் கட்டம் இல்லை.

இந்தக் கலைக்கு ஒரு வேலியும் போட வேண்டும். மனச்சோர்வில் மூழ்கியவரை, வீட்டில் அடி வாங்குகிறவரை, நெஞ்சுவலியோடு வந்தவரைப் பேச்சால் வழிநடத்த முயலக் கூடாது. அடையாளம் கண்டு உரிய இடத்துக்குக் கைப்பிடித்து அனுப்ப வேண்டும். இன்னொன்றும் எனக்கு நெடுநாளாக உறுத்துகிறது. ஒருவர் நடக்காமல் இருப்பது மனத்தால் என்று நாம் பேசிக்கொண்டிருக்கும்போது, அவர் தெருவில் நடக்கவே இடமில்லாமல் இருக்கும். வேலையை முடித்து வரும்போது இரவு ஒன்பதாகியிருக்கும். கூலியும் நேரமும் இல்லாதவரிடம் "உங்கள் இலக்கு என்ன" என்று மட்டும் கேட்பது கொடுமை. அதனால் ஒவ்வொரு பதிவுக்கும் கீழே, இவர் மாறுவதற்குத் தடையாக வெளியே நிற்பது என்ன, அதை யாரிடம் சொல்ல வேண்டும் என்று மாணவர் எழுதித் தர வேண்டும் என வைத்திருக்கிறேன். அதில் தெருவிளக்கு வந்திருக்கிறது, ரேஷன் அரிசி வந்திருக்கிறது, இரவு ஷிஃப்ட் வந்திருக்கிறது.

இனி ஒரு பதிவு. சமூக மருத்துவம் படிக்கும் மாணவர் ஒருவர், இட்லிக்கடை நடத்தும் ஓர் அம்மாவுடன் பேசியது. இருவரின் சம்மதத்தோடு, அடையாளம் எதுவும் இல்லாமல் சொல்கிறேன்.

"அம்மா, காலை மாத்திரை போடறீங்களா?"

"போடறேன் தம்பி."

"டெய்லி?"

"சில நாள் விட்டுப்போகும்."

"ஏன் விடறீங்க? மாத்திரைய விட்டா கிட்னி, கண்ணு எல்லாம் பாதிக்கும். தெரியுமா?"

"தெரியும் தம்பி."

"நாளையிலேர்ந்து விடாம போடணும். சரியா?"

"சரிங்க."

இந்தப் பதிவை நிறுத்தி நிறுத்தி மூன்று முறை கேட்டோம். மூன்றாம் முறை பிசியோதெரபி மாணவி ஒருத்தி பிடித்தாள். அந்த அம்மா சொன்னது "விட்டுப்போகும்". மாணவர் கேட்டது "ஏன் விடறீங்க". அவர் தனக்கு நேர்வதைச் சொன்னார். மாணவர் அதை அவர் செய்யும் குற்றமாக்கிவிட்டார். ஒரு வினைச்சொல்லில் கதவு சாத்தப்பட்டது. மாணவர் வெகுநேரம் பேசவில்லை. அடுத்த பதிவுக்கு வேறு நோயாளி வேண்டாம், அவரையே மறுபடி பார்க்கிறேன் என்று மட்டும் சொன்னார். அதற்கு ஆறு வாரம் ஆனது. அதுவரை ஒவ்வொரு வாரமும் வகுப்பில் நடித்துப் பழகினார்.

இரண்டாவது பதிவின் தொடக்கத்தில் அவர் குரல் தணிந்திருக்கிறது. "போன தடவ நானே நெறையப் பேசிட்டேன்மா. இன்னிக்கு நீங்க சொல்லுங்க. காலையில எந்திரிக்கிறதுலேர்ந்து உங்க நாள் எப்படிப் போகும்?"

மூன்று மணிக்கு எழுவது, அடுப்பு மூட்டுவது, சட்னி, ஆறு மணிக்குக் கடை என்று அந்த அம்மா சொல்லிக்கொண்டே வருகிறார். மாணவர் இடையில் "ம்" மட்டும் சொல்கிறார். பிறகு, "இதுக்கு நடுவுல மாத்திரை விட்டுப்போகுது" என்கிறார். அந்த அம்மாவின் அதே சொல். "ஆ" இல்லை.

அதன்பின் 14 விநாடி பதிவில் பேச்சே இல்லை. மின்விசிறி ஓடுகிறது. வெளியே யாரோ டோக்கன் எண்ணைக் கூப்பிடுகிறார்கள். ஆறு வாரம் முன்பென்றால் அந்த இடைவெளியில் மூன்று கேள்விகள் விழுந்திருக்கும்.

"அந்த மாத்திரையப் போட்டா ஒடனே சாப்பிடணும் தம்பி. மொதல்ல எழுதிக் குடுத்த டாக்டரே சொன்னாரு, சாப்பிடாம இருந்தா மயக்கம் வரும்னு. ஒரு நாள் வந்துருச்சு. கொதிக்கிற இட்லிச் சட்டி முன்னால. கூட்டம் கொறைஞ்சு நான் வாயில வைக்கப் பத்தரை ஆயிரும். மறுபடி விழுந்துட்டா யாரு பாப்பா?"

அவருடைய நோட்டில் கிளிமிபிரைடு எழுதியிருந்தது. சாப்பாட்டோடு சேராமல் போட்டால் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரக்கூடிய மாத்திரை. முதல் மருத்துவர் சொன்னதை அந்த அம்மா கவனமாகக் கேட்டு நடந்துகொண்டிருந்தார். நாம் அவரை மருந்தை விட்டவர் என்று நோட்டில் எழுதி வைத்திருந்தோம்.

"விழுந்துரக் கூடாதுன்னு பாத்து நடந்துக்கிட்டிருக்கீங்க" என்றார் மாணவர்.

"பின்ன? ரெண்டு புள்ளைங்க இருக்குல்ல."

"மயக்கம் வந்தத நான் டாக்டர்கிட்டச் சொல்லட்டுங்களா? மாத்திரைய அவங்க பாத்து மாத்தித் தர வழி இருக்கு."

"சொல்லுப்பா."

அன்றே மருத்துவ அலுவலர் அந்த மருந்தைப் பார்த்து, அளவையும் நேரத்தையும் மாற்றி எழுதினார். அது பதிவில் இல்லை. பதிவில் இருப்பது இன்னும் சிறிது. "காலைச் சாப்பாட்டுக்கு என்ன பண்ணலாம்னு உங்களுக்குத் தோணுது?" என்று மாணவர் கேட்கிறார். அந்த அம்மா யோசிக்கிறார். வளையல் மேசையில் படும் சத்தம்.

"மொத ஈடு போணிக்கு. அதுல கை வைக்க மாட்டேன். ரெண்டாவது ஈட்டுல ரெண்டு இட்லி எனக்குன்னு எடுத்து வச்சிரலாம். ஆறேகாலுக்கெல்லாம் தின்னுரலாம் தம்பி, நின்னுகிட்டேதான்."

"சரிங்கம்மா" என்றார் மாணவர்.